மிரஜில் நாலரைக் கட்டை

புனேயிலிருந்து செங்கற்பட்டுக்குக் காரிலேயே திரும்புவது என்று நாங்கள் தீர்மானித்ததற்குக் காரணம் பிரயாண ஆசை அல்ல. என் அக்காளின் தம்பூராதான். தஞ்சாவூரில் பலாமரத்தில் கடைந்து செய்த அந்த வாத்தியத்தை, பெண்ணுக்குச் சங்கீதம் விட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலையில் பல வருஷங்களுக்கு முன் அக்காள் புனேக்கு அனுப்பிவைத்திருந்தாள். பெண்ணோ, கைபேசியைத் தட்டினால் சுருதி கேட்கிற இந்தக் காலத்தில், அதைக் கூடத்து மூலையில் சால்வை போர்த்தி நிறுத்திவைத்து, வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன?" என்று கேட்பதற்கு ஒரு வியாஜமாக மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த அக்காள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புகிற தினத்தன்று சால்வையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து காரின் பின்னிருக்கையில் குறுக்காகக் கிடத்தி, குடத்தைத் தன் மடிக்கு அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் வண்டியை ஓட்ட, அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் சுங்கச்சாவடிக் கணக்கை வாய்விட்டுக் கூட்டிக்கொண்டு வர, பின்னால் அக்காளும் தம்பூராவுமாக நாங்கள் ஸதாரா தாண்டுவதற்குள், சாலையில் ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் நான்கு தந்திகளும் சேர்ந்து "டொம்" என்று ஒரு சத்தம் எழுப்புவதும், அதைக் கேட்டு அக்காள் உச்சுக்கொட்டுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. தம்பூரா என்றால் ரீங்காரம் என்று நாம் நினைக்கிறோமே, அந்த ரீங்காரம் அதில் அடியோடு இல்லை. வெறும் கட்டையில் கம்பியைக் கட்டி அடித்தாற்போல் ஒரு மொட்டைச் சத்தம்.

"குதிரை தேய்ந்துபோயிருக்கிறது. தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்துவிட்டது" என்றாள் அக்காள். சற்று நேரம் கழித்து, "மிரஜ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

மிரஜ் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதும், புனேயிலேயே யாரையோ விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வண்டி ஏறியிருக்கிறாள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் விளங்கின. அன்றிரவு ஹூப்ளியில் தங்குவதாக ஏற்பாடு. பேட் நாகா என்ற இடத்தில் பெரிய சாலையை விட்டு இடது புறம் திரும்பி, ஆஷ்டா, சாங்லி வழியாக மிரஜுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் பெரிய சாலையைப் பிடித்தால் அதிகமாக ஆகப்போவது என்ன என்று நான் கணக்குச் சொல்ல, "ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது" என்று அத்தான் அனுமதி கொடுத்தார்.

அந்த உள்சாலையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. இரு புறமும் கரும்பு. கரும்பு வெட்டுகிற பருவமாகையால் இரண்டு பெட்டிகளை இழுத்துச்செல்லும் டிராக்டர்கள், கரும்புச் சுமை சாலைக்கு வெளியிலும் நீட்டிக்கொண்டிருக்க, கூம்பு ஒலிபெருக்கியில் மராத்திப் பாட்டை முழங்கிக்கொண்டு எங்கள் முன்னே அசைந்தாடிப் போயின. சங்கீதத்துக்குப் பேர்போன ஊரைத் தேடிப் போன எங்கள் காதில் அன்று முதன்முதலாக விழுந்த சங்கீதம் அதுதான். சாங்லியை நெருங்கியபோது மஞ்சள் வாசனை வந்தது. ஈரோட்டைப் போலவே அதுவும் மஞ்சள் மண்டிக்குப் பிரசித்தமான ஊர். அத்தானின் பால்யம் ஈரோட்டில் கழிந்ததாகையால், அவர் முதன்முறையாக முகம் மலர்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டார்.

மிரஜுக்குள் நுழைந்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது. "சங்கீத ஊர் என்றீர்கள், எலும்பு டாக்டர் போர்டும் கண் டாக்டர் போர்டுமாக அல்லவா இருக்கிறது?" என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். வான்லெஸ் என்ற பாதிரி வைத்தியர் 1894-இல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்ததிலிருந்து, சுற்று வட்டாரத்து ஜில்லாக்களுக்கும் வட கர்நாடகத்துக்கும் மிரஜ் ஒரு வைத்திய க்ஷேத்திரமாகவே இருந்துவருகிறது. அதைத் தவிர அது ஒரு பெரிய ரயில்வே ஜங்ஷன். 2016-ஆம் வருஷத்து வறட்சியில் லாத்தூர் ஜனங்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றிய ரயில் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். ஊரைப் பார்த்தால் மருந்துக்கடைகளும், ஆட்டோக்களும், கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நோயாளிகளும்தான் கண்ணில் படுகின்றன. சங்கீதத்துக்குப் பேர்போன ஊரில் காலை வைத்ததும் தெருவெல்லாம் நாதம் பொங்கும் என்று எதிர்பார்ப்பது நமது பேதைமை. உத்ஸவம் இல்லாத மாதங்களில் திருவையாற்றுக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

இந்த ஊருக்கு வாத்தியத் தொழில் வந்த கதை விசித்திரமானது. வாளுக்கும் ஈட்டிக்கும் சாணை பிடித்து மெருகேற்றுகிற ஷிகல்கார்கள் என்ற முஸ்லிம் வகுப்பார் இங்கே இருந்தார்கள். இங்கிலீஷ்காரர்களின் ஆதிக்கம் நிலைபெற்று, ராஜாக்களின் வாள்களுக்கு உறையை விட்டு வெளியே வர வேலை இல்லாமல் போனபோது, அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. மிரஜை ஆண்ட பட்வர்தன் வம்சத்தாரோ சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர்கள். வடக்கேயிருந்து வரும் வித்வான்களின் வாத்தியங்கள் பழுதானால் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கைத்திறன் உண்டு, வேலை இல்லை என்ற நிலையில் இருந்த ஷிகல்கார் குடும்பத்தைச் சேர்ந்த ஃபரீத் ஸாஹேப் என்பவர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டின் மத்தியில், முதலில் பழுது பார்க்கவும் பிறகு புதிதாகச் செய்யவும் ஆரம்பித்தார். மராத்தியில் ஸிதாரை 'ஸதார்' என்பார்கள். அதனால் அந்தப் பரம்பரைக்கு 'ஸதார்மேக்கர்' என்பதே குடும்பப் பெயராகி, அவர்கள் வசிக்கும் சந்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. கத்திக்குச் சாணை பிடித்த கைகள் தந்திக்குக் குதிரை தீட்டுகிற கைகளாக மாறியதில் அவ்வளவு பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை என்று, அந்தக் கைகளை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, எனக்குத் தோன்றியது. இரண்டிலும் உலோகம் எங்கே தொடவேண்டும், எங்கே தொடக் கூடாது என்பதுதான் சங்கதி.

சந்து குறுகலானது, காரை வெளியே நிறுத்திவிட்டு, தம்பூராவை நானும் அத்தானுமாகத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துக்கொண்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாத்தியத்தோடு வருகிறவனுக்கு அந்தச் சந்தில் உள்ள மரியாதை அது. பட்டறைகளின் வாசலில் சுரைக்குடுக்கைகள் பெரிதும் சிறிதுமாக மலை போல் கிடந்தன. வடநாட்டுத் தம்பூராவுக்குக் குடம் என்பது மரத்தில் கடைவது அல்ல. காய்ந்த சுரையே குடம். பண்டரிபுரத்துக்கும் மங்கள்வேடாவுக்கும் பக்கத்து வயல்களில் இதற்கென்றே பயிராகிற சுரைகள் அவை என்று சொன்னார்கள். எங்கள் பலாமரக் குடத்தை அந்தச் சுரைகளின் நடுவே இறக்கிவைத்தபோது, சம்பந்தி வீட்டுக்கு வந்த பெண் வீட்டார் மாதிரி அது சற்றுக் கூச்சத்தோடு நிற்பதாகப் பட்டது.

எங்களுக்கு வாய்த்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். தம்பூராவைச் சால்வை நீக்கிப் பார்த்ததும் குடத்தை விரல் முட்டியால் தட்டி, "பணஸ்?" என்று கேட்டார். பலாவுக்கு மராத்தியில் அதுதான் பெயர். பிறகு அக்காளைப் பார்த்து, "பாடுகிறவர் யார், தாயீ?" என்றார். மராத்தியில் அந்தச் சொல் அக்காளைக் குறிக்குமே ஒழியத் தாயைக் குறிக்காது. ஆனால் அக்காள் அதைத் தமிழாகவே காதில் வாங்கிக்கொண்டு, அந்த நிமிஷத்திலிருந்து அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

அடுத்து அவர் கேட்டது சுருதி என்ன என்பது. இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. அக்காள் தன் பாதி ஹிந்தியில், "முன்னே ஐந்தரைக் கட்டை, இப்போது நாலரை" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. அவர், "காலி சாரா, காலி தீனா?" என்று கேட்டார், இவளுக்கு அது விளங்கவில்லை. ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றாவது கறுப்புக்கு 'காலி தீன்' என்றும் நான்காவதற்கு 'காலி சார்' என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். நாமோ வெள்ளைக் கட்டையை முழு எண்ணாகவும் கறுப்பை அரையாகவும் எண்ணுகிறோம். பட்டறை மூலையிலிருந்து ஒரு பழைய ஆர்மோனியத்தை ஒரு பையன் எடுத்துவர, அக்காள் கறுப்புக் கட்டை ஒன்றை விரலால் அழுத்தினாள். பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நமது நாலரைதான் அவர்களுடைய காலி தீன். நமது ஐந்தரை அவர்களுடைய காலி சார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெட்டியின் கறுப்புக் கட்டை தவிர இந்த இரண்டு சம்பிரதாயத்தாருக்கும் அந்தச் சமயத்தில் பொதுவான பாஷை வேறு இல்லை. ஆர்மோனியத்தை ஏசுகிற வித்வான்களின் கட்சியில் நெடுநாள் இருந்த நான் அன்று அதிலிருந்து விலகிக்கொண்டேன்.

தம்பூராவின் நாதம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் தந்தியில் என்று சொல்லுவோம். உண்மையில் குதிரையில்தான் அதன் ஜன்ம ரகசியம் இருக்கிறது. பிடில் முதலிய வாத்தியங்களில் தந்தி ஒரு கூரிய விளிம்பின் மேல் ஓடிப்போகிறது. தம்பூராவிலும் வீணையிலுமோ குதிரையின் மேற்புறம் அகலமாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவோடு சரிந்திருக்க, அதிரும் தந்தி அந்தச் சரிவை உரசியும் உரசாமலும் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்பூராவில் அதற்கும் தந்திக்கும் நடுவில், நாம் ஜீவாளி என்று சொல்லுகிற ஒரு நூலைச் செருகி, அதை ஒரு மயிரிழை முன்னும் பின்னுமாக நகர்த்தினால், ஒரு ஸ்தானத்தில் சட்டென்று தந்திக்கு உயிர் வந்து, மீட்டிய ஸ்வரத்துக்கு மேலே வேறு ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து எழுகின்றன. நமது சர் சி. வி. ராமன் 1921-இல் வீணை, தம்பூரா இரண்டின் குதிரையையும் ஆராய்ந்து, மேற்கத்திய வாத்தியங்களுக்குப் பொருந்தும் விதி இவற்றுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியது இதைப் பற்றித்தான். அந்த வளைவைத் தீட்டுகிற வேலைக்கு வடக்கே ஜவாரி என்று பெயர். நூலுக்கு அங்கேயும் ஏறக்குறைய நம் பெயர்தான், ஜீவா.

பெரியவர் தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, குதிரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நான்கு தந்திகளும் அறுத்த நான்கு வாய்க்கால்கள் அதில் எனக்கே தெரிந்தன. பிறகு ஒரு மெல்லிய அரம். நான்கு இழுப்பு, ஊதல், கட்டைவிரலால் ஒரு தடவல். மறுபடி தந்தியை ஏற்றி, பிரடையை முறுக்கி, நூலைச் செருகி, ஒரு மீட்டு. திருப்தி இல்லை, மறுபடி தளர்த்தல், அரம், ஊதல். இதையே பத்துத் தடவையாவது செய்திருப்பார். அந்தச் சந்து முழுவதும் அப்போது கேட்டுக்கொண்டிருந்ததும் இந்த ஒரே சத்தம்தான்: அரம் உரசுவது, ஒரு ஒற்றைத் தந்தி, பிறகு மௌனம், பிறகு அதே தந்தி. ராகம் இல்லை, தாளம் இல்லை. ஒருவரும் ஒரு பாட்டும் பாடவில்லை. கச்சேரியில் நாம் கவனிக்காமலே கேட்டுவிட்டு வருகிற ஒரு சத்தத்தை, அதை மட்டுமே, நாள் பூராவும் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு தெரு அது.

"இங்கேயே இருந்தால் அவருக்கு வேலை ஓடாது, போய்விட்டு வாருங்கள்" என்று அக்காள் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டாள். தான் நகரவில்லை. தம்பூராவை அந்நியரிடம் தனியே விட்டுவைக்க அவளுக்கு மனம் வராது.

நாங்கள் மீரா ஸாஹேப் தர்காவுக்குப் போனோம். கிரானா பாணியின் பெரிய பாடகரான அப்துல் கரீம் கான் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வடக்கே கைரானா என்ற ஊரில் 1872-இல் பிறந்து, பரோடா சமஸ்தானத்தில் பாடி, 1913-இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தை ஆரம்பித்து, கடைசியில் மிரஜில் வந்து தங்கியவர். அவருடைய சிஷ்யர் ஸவாயி கந்தர்வர். அந்த ஸவாயி கந்தர்வரின் சிஷ்யர்கள்தாம் பீம்சேன் ஜோஷியும் கங்குபாய் ஹங்கலும். மைசூர் அரண்மனைக்கும் சென்னைக்கும் பலமுறை வந்து நமது வித்வான்களோடு பழகி, நமது ஸ்வரம் பாடும் முறையில் மோகம் கொண்டு, தியாகராஜ ஸ்வாமிகளின் 'ராம நீ ஸமானமெவரு' என்ற கரகரப்பிரியா கீர்த்தனத்தை இசைத்தட்டிலேயே பாடிவைத்தவர். அந்த இசைத்தட்டில் உச்சரிப்பு நமக்குச் சிரிப்பு மூட்டலாம், சாரீரம் மூட்டாது. ஆண்டுதோறும் உர்ஸ் சமயத்தில் அவர் ஞாபகமாக இந்தத் தர்காவில் பாடகர்கள் கூடிப் பாடுகிறார்கள். நாங்கள் போனபோது புறாக்களும், மல்லிகைச் சரம் விற்கிற ஒரு கிழவியும், நிழலில் தூங்குகிற இரண்டு நோயாளிகளும் மட்டும் இருந்தார்கள்.

அதே 1872-இல் பிறந்த இன்னொருவருக்கும் இந்த ஊர்தான் திருப்பம். பக்கத்து சமஸ்தானமான குருந்த்வாடைச் சேர்ந்த விஷ்ணு திகம்பர் பலுஸ்கர், சிறுவயதில் வெடி விபத்தில் கண் பாதிக்கப்பட்டு, மிரஜுக்கு வைத்தியத்துக்காக வந்து, பார்வை சரியாகத் திரும்பாமல், பாலகிருஷ்ணபுவா என்ற பாடகரிடம் பாட்டுக்குச் சேர்ந்தவர். 1896-இல் மிரஜை விட்டுக் கிளம்பிய அவர், 1901-இல் லாகூரில் காந்தர்வ மகா வித்யாலயத்தைத் தொடங்கி, சங்கீதத்தை ராஜாக்களின் தர்பாரிலிருந்து பொதுஜனங்களின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். வாசலெல்லாம் டாக்டர் போர்டாக இருக்கிறதே என்று குறைப்பட்ட அத்தானிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் கண் டாக்டர் போர்டுக்கும் சம்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அங்கே நின்றபோது என் மனத்தைப் பற்றிக்கொண்ட விஷயம் வேறு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி, சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த கான் ஸாஹேபுக்கு நெஞ்சு வலி கண்டு, வழியில் ஒரு சிறு ஸ்டேஷனில் இறங்கி, நடைமேடையில் படுக்கையை விரிக்கச் சொல்லி, தம்பூராவைச் சுருதி கூட்டச் சொல்லி, இறைவன் பெயரை தர்பாரி ராகத்தில் பாடியபடியே உயிர் நீத்தார் என்று சொல்லுகிறார்கள். அந்தச் சிறு ஸ்டேஷன் சிங்கப்பெருமாள்கோயில். செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் முப்பது வருஷம் சென்னைக்கு உத்தியோகம் பார்க்கப் போய்வந்தவன் நான். அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கிற அரை நிமிஷத்தில், ஏறுகிறவர்கள் என் இடத்தைப் பிடித்துவிடப் போகிறார்களே என்று கால்களை அகட்டி உட்கார்ந்துகொண்டதைத் தவிர, வேறு எதையும் நான் செய்ததில்லை. அந்த மனிதரின் கதை முடிந்த இடம் இன்னதென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தர்காவில், ஒரு முதியவர் வாயிலாக, அறுபத்தைந்து வயதில் சந்தர்ப்பம் வாய்த்தது. "மதராஸா? சிங்கபெருமால் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது சந்தின் முனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கும் வரிசையாக விழ, மந்தரம் ஒடுங்குவதற்குள் அதன் வயிற்றிலிருந்து காந்தாரம் தானாகக் கிளம்பி மேலே நின்றது. அக்காள் தம்பூராவை மடியில் சாய்த்துக்கொண்டு மீட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. பாடவில்லை. பெரியவர் எதிரே உட்கார்ந்து, நாதத்தை இன்னும் கொஞ்சம் திறந்து விடட்டுமா என்று கேட்க, அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வடக்கே ரீங்காரம் விரிந்து பொங்க வேண்டும். நமக்குச் சற்று அடக்கமாக இருக்க வேண்டும். அந்த அபிப்பிராய பேதத்தை இருவரும் வாய்ப்பேச்சு இல்லாமலே தீர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கூலி என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன தொகை, நாங்கள் காலையில் பலகாரத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அத்தான், பேரம் பேசிப் பழகியவர், மேலே போட்டுக் கொடுத்தார். மிரஜ் ஸிதாருக்கும் தம்பூராவுக்கும் 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; தஞ்சாவூர் வீணைக்கு அது 2013-இலேயே கிடைத்தது. இதனால் உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டா என்று நான் பெரியவரிடம் கேட்டேன். அவர் ஆர்மோனியத்தை எடுத்துவந்த பையனைக் காட்டி, இவன் கைபேசியில் தம்பூரா வைத்திருக்கிறான், கேளுங்கள் என்றார். பையன் உடனே அதைப் போட்டுக் காண்பித்தான். குற்றம் சொல்ல முடியாதபடி நன்றாகவே இருந்தது. பெரியவரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "இதற்கு ஜவாரி தேயாது" என்றார்; அது பாராட்டா, பரிகாசமா என்று எனக்குத் தெரியவில்லை.

புறப்படுமுன், சாலைக் குலுக்கலில் புதிதாகத் தீட்டிய குதிரைக்கு ஹானி வராமல் இருக்க நான்கு தந்திகளையும் அவர் நன்றாகத் தளர்த்திவிட்டார். ஒரு மணி நேரம் என்று கிளம்பிய நாங்கள் மூன்றே கால் மணி நேரம் கழித்து, அத்தான் வாங்கிக்கொண்ட ஒரு பொட்டலம் காரப் பொரியோடு காரில் ஏறினோம். பெரிய சாலையைத் தொடுவதற்குள் இருட்டிவிட்டது. பள்ளங்கள் வந்தன, பின்னாலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை.

"என்ன, வாத்தியம் தூங்குகிறதா?" என்று அத்தான் கேட்டார்.

நான் தர்காவில் கேட்டதை அக்காளிடம் ஆவேசத்தோடு சொன்னேன். சிங்கப்பெருமாள்கோயில், நடைமேடை, தர்பாரி எல்லாம். அவள் பொரியை மென்றுகொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள். "இருபத்திரண்டு வருஷம் அங்கே பாட்டு டீச்சராக இருந்தேனே. தினமும் சாயங்காலம் அந்த நடைமேடையில்தானே ரயிலுக்கு நின்றேன்."

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எட்டுப் பத்து வண்டிக்கு ஓடுகிறவனிடம் எதை என்று சொல்வது? ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒருநாள் விசாரித்தேன், அவர் படுத்திருந்த இடம் எது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று. நான் குனிந்து குனிந்து பார்த்ததைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. 'ஏதாவது தொலைத்துவிட்டீர்களா அம்மா?' என்று கேட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்."

அத்தான் சிரித்தார். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் பாடிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்கு நான் விளக்கைப் போட்டுக் காண்பித்தேன்.